மூளைக்கட்டி அறுவைக்குப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்வது

மூளைக்கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், சிக்கல் ஏதும் இல்லையென்றால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தலைத்தோலில் போட்ட தையலையோ கிளிப்பையோ 7 முதல் 14 நாட்களுக்குள் பிரித்துவிடுவார்கள். கட்டியை எட்டுவதற்காக அறுத்தெடுத்த மண்டையோட்டுத் துண்டு, சிறிய டைட்டேனியம் தகடுகளாலும் திருகுகளாலும் அதே இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அந்த எலும்பு கூடுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். மூளை தேற அதைவிடக் கூடுதல் காலமும் ஆகலாம். அறுவை அரங்கில் சில மணி நேரத்தில் முடிந்த வேலையின் தொடர்ச்சி மாதக்கணக்கில் வீட்டில்தான் நடக்கிறது. அதைச் செய்பவர் பெரும்பாலும் மனைவி, அம்மா அல்லது மகள். அவர் கையில் கொடுக்கப்படுவது டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பை மாத்திரையும். அவர் செய்யக்கூடிய பெரிய உதவி, நோயாளியை உன்னிப்பாகக் கவனிப்பதும், கவனித்ததைத் தேதியோடு எழுதி வைப்பதும்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மறு ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அந்தப் பணியைத் தொடங்கினார். ஆக, மூளை அறுவை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு பற்றிய அறிவு, அறுவைத் திறமை வளர்ந்த அளவுக்கு வீடுகளைச் சென்று சேரவில்லை.

கட்டி எங்கே இருந்தது?

ஒரே மாதிரியான கட்டியை எடுத்த இருவர் வீட்டுக்கு வந்தபின் ஒரே மாதிரி இருப்பதில்லை. கட்டி எந்த இடத்தில் இருந்தது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. கட்டி எந்தப் பகுதியில் இருந்தது? முழுவதும் எடுக்கப்பட்டதா, கொஞ்சம் விடப்பட்டதா? அந்தப் பகுதி பாதிக்கப்பட்டால் எந்தெந்தச் செயல்களில் தடுமாற்றம் வரும்?

முன்மூளையில் அறுவை நடந்திருந்தால் குணத்தில் மாற்றம் தெரியலாம். இடப்பக்க மூளையில் என்றால் பேச்சு தடைப்படலாம். ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசமுடியாத ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்த பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 1861-இல் இடது முன்மூளைக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பை எடுத்துச் சொன்னார். அந்த நோயாளி மற்றவர்கள் பேசியதைப் பெருமளவு புரிந்துகொண்டார் என்பதை நினைவில் வைக்கவேண்டும். பேசாதவருக்கு எதுவும் புரியாது என்று எண்ணி, அவர் எதிரிலேயே அவருடைய நோயைப் பற்றிக் கிசுகிசுப்பது பல வீடுகளில் நடக்கும் கொடுமை. சிறுமூளையில் அறுவை நடந்தவருக்கு நடை தள்ளாடும். பின்மண்டைப் பகுதி என்றால் பார்வையின் ஒரு பாதி மறையலாம்.

வலது பக்கவாட்டு மூளை பாதிக்கப்பட்டவரிடம் வரும் ஒரு குறையை வீட்டார் எளிதில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவருக்கு வாழையிலையில் சாப்பாடு பரிமாறினால் வலப்பாதியில் உள்ளதை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழ முனைவார். இடப்பக்கம் வைத்த ஊறுகாயும் பொரியலும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். ‘பிடிக்கவில்லையா?’ என்று கேட்டால் விழிப்பார். கண் தெரிகிறது. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதாக மூளை பதிவு செய்வதில்லை. சட்டையின் இடக்கையை மாட்டாமல் விடுவார், நடக்கும்போது இடத்தோள் நிலைப்படியில் இடிக்கும். இலையைக் கொஞ்சம் திருப்பி வைப்பது உடனடி உதவி. இடப்பக்கம் அமர்ந்து பேசுவது, ‘இந்தப் பக்கமும் பாருங்கள்’ என்று அடிக்கடி நினைவூட்டுவது, இலையின் இட ஓரத்தில் அவரையே விரல் வைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட வைப்பது ஆகியவை நாளடைவில் பயன் தரும் பயிற்சிகள்.

பிட்யூட்டரிக் கட்டியைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். அப்படி அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். மூக்கிலிருந்து தண்ணீர்போல் ஒழுகினால் அதைச் சளி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம். அளவுக்கு மீறித் தாகமும் சிறுநீரும் இருந்தாலோ, அறுவை முடிந்து ஒரு வாரம் போல் ஆனபின் குமட்டலும் குழப்பமும் வந்தாலோ, ரத்தத்தில் சோடியத்தின் அளவு மாறியிருக்கக்கூடும்.

மாத்திரைகள்

வீட்டுக்கு வருபவர் கையில் பெரும்பாலும் இருக்கும் மருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 1961-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் காலிசிக், ஃபிரெஞ்ச் முதலிய மருத்துவர்கள் மூளைக்கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்தை இது குறைப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன்பு அந்த வீக்கமே பலரின் உயிரைப் பறித்தது. இன்றும் இதற்கு ஈடான மருந்து அரிது. அதே சமயம் இவ்வளவு தொல்லை தரும் மருந்தும் வேறில்லை என்று வீட்டார் சொல்வார்கள். பசி அகோரமாக எடுக்கும், இரவில் தூக்கம் வராது, முகம் உப்பும், எரிச்சல் மிகும். ரத்தச் சர்க்கரை ஏறும், இதுவரை சர்க்கரை நோய் இல்லாதவருக்கும்கூட. வாயில் வெள்ளையாகப் படியும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். தொடைத் தசைகள் வலுவிழப்பதால் தரையில் உட்கார்ந்தவரால் எழ முடியாது. கட்டி திரும்ப வந்துவிட்டது என்று குடும்பமே பயப்படும். பல நேரங்களில் காரணம் மாத்திரைதான். என்றாலும் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கவேண்டும். கடைசி வேளையை மாலைக்கு முன்பே முடித்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டுச் செய்தால் தூக்கம் கொஞ்சம் சீராகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. சில வாரங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பின் அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரை சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நாலு நாளைக்கு ஒரு அளவு, அடுத்த நாலு நாளைக்கு அதில் பாதி என்று படிப்படியாகக் குறைத்து எழுதித் தருகிறார்கள். மருந்துச்சீட்டில் ஒரே வரியில் இருக்கும் அந்தக் கணக்கைத் தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் அந்தந்த நாளுக்கு எத்தனை மாத்திரை என்று முன்கூட்டியே எழுதி வைத்து, கொடுத்ததும் ஒரு டிக் அடித்துவிட்டால், வீட்டில் யார் மாத்திரை கொடுத்தாலும் தவறு நேராது. அளவு குறையும்போது தலைவலியோ மயக்கமோ கூடுகிறதா என்பதையும் அதே தாளில் குறிக்கலாம். அடுத்த முறை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே விடை.

இரண்டாவது மருந்து வலிப்பு வராமல் தடுப்பது. லெவெடிராசெட்டம் அல்லது ஃபெனிடோயின் பரவலாகத் தரப்படுகிறது. ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரக்கூடும். லெவெடிராசெட்டம் சிலரைக் காரணமில்லாமல் கோபப்பட வைக்கும். இதை மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற வழி இருக்கிறது. எந்த வலிப்பு மாத்திரை தொடங்கிய பிறகும் தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். நாட்டு மருந்து, சித்த மருந்து எது சேர்த்துக் கொடுப்பதானாலும் அறுவை செய்த மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்கக்கூடாது.

வலிப்பு வந்தால்

வலிப்பு வந்தவர் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் எந்தப் பயனும் கிடையாது. பல்லுக்கிடையில் கரண்டியை நுழைப்பதோ தீங்கே விளைவிக்கும். பல் உடையும், துண்டு மூச்சுக்குழலில் போய் அடைக்கும். கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. செய்யவேண்டியது கொஞ்சம்தான். அருகில் உள்ள கூரான, சூடான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. கடிகாரத்தைப் பார்ப்பது அவசியம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ உடனே 108-ஐ அழைக்கவேண்டும். ஒருவர் செல்போனில் படம் பிடித்து வைத்தால், அது எந்தப் பக்கம் தொடங்கியது, எப்படிப் பரவியது என்பதை மருத்துவர் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். கை மட்டும் துடிப்பது, சில நொடி வெறித்துப் பார்த்து நிற்பது, வாயைச் சப்புக்கொட்டுவது ஆகியவையும் வலிப்பின் வடிவங்களாக இருக்கலாம்.

விடியும்வரை காத்திருக்கக்கூடாத அறிகுறிகள் வேறு சில உண்டு. நாளுக்கு நாள் குறையவேண்டிய தலைவலி கூடிக்கொண்டே போவதும், கூடவே வாந்தியும் தூக்கக் கலக்கமும் சேர்வதும் மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டும். எழுப்பினால் எழாத தூக்கத்தை ‘அசதி, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவது ஆபத்து. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அங்கே ரத்தம் உறைந்திருக்கக்கூடும். மூளைக்கட்டி உள்ளவர்களுக்கு இது அதிகம். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வரும். காலை நீவிவிடவோ எண்ணெய் தேய்க்கவோ கூடாது. மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

காயம், குளியல், சாப்பாடு

தழும்பைத் தினமும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சிவப்பு பரவுகிறதா, சீழோ தெளிந்த நீரோ கசிகிறதா, உப்பல் கூடுகிறதா என்று கவனித்தால் போதும். மஞ்சளோ தேங்காயெண்ணெயோ தடவவேண்டாம். கோயிலிலிருந்து வந்த விபூதியைத் தழும்புக்கு எட்டாமல் இடவேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்பதற்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறு வேறு கணக்கு உண்டு. கேட்டுக்கொண்டு, மென்மையான ஷாம்பூவால் நகம் படாமல் அலசலாம். தழும்பின் அருகே மரத்துப்போவதும் ஊறல் எடுப்பதும் இயல்பு. படுக்கும்போது தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருப்பது நல்லது.

மூளை வீக்கம் காரணமாக எலும்புத் துண்டைத் திரும்ப வைக்காமல் அனுப்பியிருந்தால் கவனம் இரட்டிப்பாகவேண்டும். அந்தத் துண்டைச் சில மருத்துவமனைகள் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே பத்திரப்படுத்துகின்றன. எலும்பைத் திரும்பப் பொருத்தும்வரை, அது இல்லாத பக்கம் தலை சாய்த்துப் படுக்கவே கூடாது. ‘இந்தப் பக்கம் எலும்பில்லை’ என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடலாம். நடமாடும்போது தலைக்கவசம் வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பெயரில் பல வீடுகள் முட்டை, மீன், தயிரை நிறுத்திவிடுகின்றன. காயம் ஆறவும் தசை தேறவும் புரதம் வேண்டியிருக்கும் நேரத்தில் அதையே நிறுத்துவது நோயாளியைப் பட்டினி போடுவதற்குச் சமம். மருத்துவர் தடுக்காதவரை எல்லாம் கொடுக்கலாம். ஸ்டீராய்டு ஓடும் காலத்தில் இனிப்பை மட்டும் குறைத்துக்கொள்ளவேண்டும். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். முக்குவது தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி எளிது. நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு கரண்டியால் ஊட்டி, முடிந்ததும் அரைமணி நேரம் அப்படியே உட்கார வைக்கவேண்டும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தாலோ, குரல் கரகரத்து ஈரமாக ஒலித்தாலோ உணவு நுரையீரல் பக்கம் போகிறது என்று பொருள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாய்கூட ஊட்டக்கூடாது.

உடம்பும் மனமும்

ஒரு பக்கம் வலுவிழந்தவரைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பதே வழக்கமான தவறு. தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பைச் சுற்றித் தாங்கவேண்டும், நடக்கும்போது வலுவிழந்த பக்கத்தில் துணை நிற்கவேண்டும். சட்டை மாட்டும்போது வலுவற்ற கையை முதலிலும், கழற்றும்போது கடைசியிலும் எடுத்தால் இருவருக்கும் சிரமம் குறையும். குளியலறையில் கைப்பிடியும், குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் கம்மோடு நாற்காலியும் முதல் வாரத்திலேயே தேவை. நோயாளி தானே செய்யக்கூடியதை அன்பின் பேரில் மற்றவர் செய்துவிடுவது தேறுதலைத் தாமதப்படுத்தும். சட்டைப் பொத்தானைப் போடப் பத்து நிமிடம் ஆனாலும் அவரே போடட்டும். மூளை திரும்பப் பழகுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அசதி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தூங்கி எழுந்தாலும் போகாத இந்தச் சோர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். காலையில் தெம்பாக இருக்கும் நேரத்தில் குளியலையும் பயிற்சியையும் முடித்துக்கொண்டு, மதியம் ஓய்வு கொடுப்பதே சரியான ஏற்பாடு. நலம் விசாரிக்க வருபவர்களின் கூட்டம் இந்தச் சோர்வை இரட்டிப்பாக்கும். ஒரு நேரத்தில் ஒருவர், டிவியை அணைத்துவிட்டு, கால்மணி நேரம் என்று கறாராக வைத்துக்கொள்ளலாம். பேச்சுத் தடுமாறுபவரிடம் சிறு வாக்கியங்களில் பேசி, ஆமாம்-இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்டு, அவர் சொல்லத் தேடும்வரை காத்திருக்கவேண்டும். பேச வராதவர்கள் சிலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடிவிடுவார்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

குணமாற்றம்தான் குடும்பத்தை மிகவும் உடைப்பது. சாந்தமானவர் கத்துவார், கலகலப்பானவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், கணக்குப் பிசகாதவர் கண்டவருக்கெல்லாம் போனில் பணம் அனுப்புவார். சோம்பலும் பிடிவாதமும் போலத் தோன்றும் இவற்றின் பின்னால் முன்மூளையின் பாதிப்போ மாத்திரையின் விளைவோ மனச்சோர்வோ இருக்கும். அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை. பேச்சை மாற்றுவது, சத்தத்தைக் குறைப்பது, நாளை ஒரே ஒழுங்கில் வைப்பது பலன் தரும். வங்கி அட்டையும் செல்போன் வழிப் பணப்பரிமாற்றமும் கொஞ்ச காலம் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும். சாகவேண்டும் என்று பேசினால் அதை விரக்திப் பேச்சென்று தள்ளாமல் மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் கிடைக்கிறது.

அடுத்த கட்டம்

எடுத்த கட்டியின் திசுப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரமோ கூடுதலோ ஆகும். மூளையுறைக் கட்டியான மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல; முழுவதும் எடுத்துவிட்டால் அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும். கிளையோபிளாஸ்டோமா என்ற நான்காம் தரக் கட்டி என்றால், 2005-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு நிலைபெற்ற முறைப்படி, சுமார் 6 வாரத்தில் 30 முறை கதிர்வீச்சும் கூடவே டெமோசோலமைடு காப்ஸ்யூலும் தரப்படுகின்றன. காப்ஸ்யூலைத் திறக்கவோ மெல்லவோ கூடாது. வெறும் வயிற்றில் முழுதாக விழுங்கவேண்டும். ரத்த அணுக்கள் குறையும் என்பதால் குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோலத் தெரிவது சிகிச்சையின் எதிர்வினையாகவும் இருக்கலாம். அறிக்கையை வீட்டில் படித்து முடிவு கட்டுவதைவிட மருத்துவரிடம் கேட்பதே நல்லது.

முடிவை நோயாளியிடம் மறைப்பது தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு விதி. பாசத்தால் செய்வதுதான். ஆனாலும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பதுதான் நியாயம். மூளைக்கட்டி நோயாளிக்கு நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கும் காலம் சுருக்கமாக இருக்கக்கூடும். சொத்து, பிள்ளைகள், சிகிச்சையைத் தொடர்வது பற்றி அவர் சொல்ல நினைப்பதைச் சொல்லும் வாய்ப்பை இந்த மௌனம் பறித்துவிடுகிறது.

வண்டி ஓட்டுவதில் அவசரம் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்தில் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்ற கேள்வியே இடம்பெறுகிறது. மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை ஸ்கூட்டரும் வேண்டாம். கிணற்றில் குளிப்பதும் ஏணியேறுவதும் வேண்டாம்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளரும் வலிதணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். வலிதணிப்பு சிகிச்சை என்றாலே கடைசிக் கட்டம் என்று அஞ்சவேண்டியதில்லை. வலி, வாந்தி, உறக்கமின்மை எதற்கும் முதல் நாளிலிருந்தே அவர்கள் உதவலாம்.

இத்தனையையும் பார்த்துக்கொள்பவர் பல மாதம் இரவில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியிருக்கமாட்டார். அவருக்கு முதுகுவலி வரும், தன் மாத்திரையை மறப்பார், அழுவதற்கு இடம் தேடுவார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வரும் உறவினர்கள், மாத்திரை நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, வாரத்தில் ஓர் இரவு நோயாளியின் பக்கத்தில் தாங்கள் விழித்திருப்பதாகச் சொல்லி அவரைத் தூங்க அனுப்பவேண்டும்.